கூடாரத்துக்குள் அப்போலோன்

அந்திரீத்சேனாவைத் தாண்டியதும்
சாலை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது.
இருமுறை ஆட்டுமந்தைக்காக வண்டியை நிறுத்தினேன்,
ஒருமுறை மூடுபனிக்காக.
பனி விலகியபோது உச்சியில்
சர்க்கஸ்காரர்கள் விட்டுவிட்டுப் போனது போல
அந்த வெள்ளைக் கூடாரம்.

உள்ளே கோயில்.
மழையும் உறைபனியும் தின்றது போக மிச்சமிருப்பதை
இரும்புக் கம்பங்கள் நட்டு, துணி போர்த்தி
மூடி வைத்திருக்கிறார்கள்.
பேருந்தில் வந்த ஒருத்தி
வாசலிலேயே கேமராவைப் பைக்குள் போட்டாள்:
வானம் வராத படத்தை
யாருக்குக் காட்டுவது?

சூனியோனுக்குப் போகிறவர்களுக்குக் கடல் கிடைக்கும்,
தூணிடுக்கில் அந்திச் சூரியன் கிடைக்கும்.
எனக்கு வாய்த்தது
பதினோராம் தூணின் விரிசல்.
இடுப்புயரம், வடக்குப் பக்கம்.
நான்கு வருஷமாக அதே லென்ஸ்,
முக்காலிக்குத் தரையில் அடித்த அதே மூன்று பித்தளை ஆணி,
கறுப்பும் வெள்ளையும் மாறிமாறி வரும் அதே அளவுகோல்.
முதுகுவலி மட்டும் புதுசு.

கூடாரத்துக்குள் வெளிச்சத்துக்கு முகவரி கிடையாது.
எங்கிருந்தோ வந்து
எல்லாவற்றின் மேலும் சமமாகப் படிகிறது,
ஆஸ்பத்திரி வராந்தாவில் போல.
கல் வாயே திறக்காது.
அதனால்தான் அர்கிரிஸ்.
இருபத்தெட்டு வருஷக் காவலாளி,
டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடிக்கத் தெரிந்தவர்.

"கீழே."
"இன்னும் கொஞ்சம்."
"அவ்வளவுதான், மூச்சு விடாதீர்கள்."

வெளிச்சம் பக்கவாட்டில் உரசியதும்
சாம்பல் கல் மேலெல்லாம்
உளித்தடங்கள் எழுந்து நின்றன.
எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தவை,
உள்ளங்கை அகலத்துக்கு மட்டும்
எதிர்ப்பக்கம்.
கை மாற்றியிருப்பான்.
இல்லை, ஆள் மாறியிருக்கலாம்.
இல்லை, யாரோ சாப்பிடக் கூப்பிட்டிருக்கலாம்,
ஆலிவும் ரொட்டியும் ஆறுவதற்கு என்ன இருக்கிறது
என்று இவன் பதில் சொல்லியிருக்கலாம்.
இதெல்லாம் அறிக்கையில் எழுத இடமில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு படம் முடிந்து
லென்ஸை மூடப் போகையில்
அர்கிரிஸ் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.
"எவாந்தியா, ஒரு உதவி.
பென்ஷன் ஆபீஸில் போட்டோ கேட்கிறார்கள்.
கழுத்து வரைக்கும் போதும்.
பின்னால் வெள்ளையாக இருக்கணுமாம்."

வெள்ளைக்கா பஞ்சம்?
துணியோரமாய் நிறுத்தினேன்.
பாட்டில் தண்ணீரைத் தொட்டுத் தலையை வாரிக்கொண்டார்.
காற்று அடிக்கும்போதெல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால்
பாய்மரம் போலத் துணி புடைத்து அடங்கியது.
பழக்கதோஷம்,
அளவுகோலைக் கொண்டுபோய்
அவர் காதோரம் நீட்டிவிட்டேன்.
சிரித்துவிட்டார்.
சிரித்தால் செல்லாது, மறுபடியும் நில்லுங்கள் என்றேன்.
புருவத்தில் ஏணி விழுந்த பழைய தழும்பு.
ஒப்பிட நாக்கு துடித்தது.
ஒப்பிடவில்லை.

இரவு விடுதியறையில், ஹீட்டர் முனகிக்கொண்டிருக்க,
போன வருஷப் படத்தின் மேல்
இந்த வருஷத்தை வைத்துப் பார்த்தேன்.
விரிசல் மயிரிழைகூட நகரவில்லை.
"மாற்றம் இல்லை" என்று தட்டினேன்.

அப்புறம்தான் கண்ணில் பட்டது,
படத்தின் வலது ஓரத்தில் டார்ச் பிடித்த விரல் நுனி.
போன வருஷமும் அதே ஓரம், அதே விரல்.
அதற்கு முந்தின வருஷமும்,
நகத்தில் கொஞ்சம் சுண்ணாம்பு.
வெட்ட மறந்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும்.
அடுத்த மே மாதம்
யார் வருவார்கள் என்று ஆபீஸில் இன்னும் சொல்லவில்லை.

கேமரா தன்பாட்டுக்கு எண் போட்டிருக்கிறது:
பதினோராம் தூண், இருநூற்றுப் பதின்மூன்று.
திறந்தால், ஈரத் தலையோடு அர்கிரிஸ்,
காதோரம் அளவுகோல்,
பல் தெரியச் சிரிக்கிறார்.
காப்பகத்துக்கு அனுப்புவதற்குள்
அதை எடுத்துவிட வேண்டும்.
காலையில் பார்த்துக்கொள்ளலாம்.